யார் பார்க்கப்போகும் கண்ணாடி இது?

அறிவும் அடக்கமும் அருகருகே அமர்ந்திருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, கடைக் கதவு திறக்கும் ஓசையிலேயே அன்றைய வியாபாரத்தைக் கணித்துவிடும் பெரியவர்களே, கல்லாவில் ஒரு கண்ணும் கைக்குழந்தையின் மேல் மறு கண்ணுமாக இத்தனை ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கும் தாய்மார்களே, இரும்பு விற்பவர்களே, இழை விற்பவர்களே, பூட்டுக்குச் சாவி செய்பவர்களே, சாவியைத் தொலைத்துவிட்டுக் கடையைச் சும்மா சாத்திவிட்டு வந்திருக்கும் சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பொத்தான் கடைக்காரியின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "தொழில் மனப்பான்மையும் இணைய விற்பனையும்". பார்த்ததும் தலை சுற்றியது. செயலாளர் நல்ல மனிதர், "படம் போட்டுக் காட்டத் திரை வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, கண்ணை மூடச் சொல்லிக் காட்டிக்கொள்கிறேன் என்றேன். ஆகவே அன்பர்களே, கைப்பையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்களை மூடுங்கள். பின்வரிசையில் ஏற்கெனவே மூடியிருப்பவர்கள் அப்படியே இருக்கலாம், தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஒரு தெரு. அகலமில்லாத தெரு. அதன் வளைவில் ஒரு கடை. வாசலில் நிற்கும்போது நீங்கள் ஒற்றை ஆளாக நிற்கிறீர்கள், உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு கூட்டமாக நிற்கிறீர்கள். வட்டக் கண்ணாடி, சதுரக் கண்ணாடி, முட்டை வடிவக் கண்ணாடி, சுவரில் சாய்ந்த கண்ணாடி, கூரையில் தொங்கும் கண்ணாடி. மதிய வெயில் அந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே போக வழி தெரியாமல் கண்ணாடிக்குக் கண்ணாடி அலையும். தெருவில் ஒரு சைக்கிள் போனால் கடைக்குள் சைக்கிள் ஊர்வலம் போகும். வானத்தில் ஒரு மேகம் நகர்ந்தால் கடை முழுக்க மேகம் நகரும். அங்கே நிற்கும்போதெல்லாம் விழித்திருக்கிறோமா உறங்குகிறோமா என்று எனக்குச் சந்தேகம் வரும். அது என் அக்காவும் அத்தானும் நடத்தும் கடை.

அத்தான் நெடுநெடுவென்று உயரமாக இருப்பார். நிலைவாசலில் தலை இடிக்காமல் அவர் நுழைந்த வீடு கிடையாது. உயரம் அவ்வளவு என்றால், கூச்சம் அதைவிட ஒரு சாண் கூடுதல். வீட்டில் யாராவது போட்டோ எடுக்கக் கிளம்பினால் இவருக்குத் தாகம் எடுத்துவிடும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். எங்கள் குடும்பப் படங்களில் அவருடைய முழங்கை இருக்கிறது, சட்டை நுனி இருக்கிறது, முகம் இல்லை.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். கடைக்கு வந்து ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேட்டால், என்ன விலையில் என்று கேட்க மாட்டார். என்ன அளவில் என்றும் கேட்க மாட்டார். முதல் கேள்வி, "யாரு பாக்கறதுக்கு?" அடுத்த கேள்வி, "வீட்லயே குள்ளமானவங்க யாரு?" அதற்கடுத்த கேள்வி, "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்?" கேட்டுக்கொண்டு, அந்தக் குள்ளமான ஆளின் உயரத்துக்குத் தன்னை மடக்கிக்கொள்வார். முட்டி போடுவார். முட்டி போட்டபடியே சுவருக்குச் சுவர் நடப்பார். நடந்து பார்த்துவிட்டு, சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துக் காட்டி, "இந்த உயரத்துல மாட்டுங்க, பாப்பாவுக்கு நெத்தி வரைக்கும் தெரியும்" என்பார். அப்படித்தான் அவர் கண்ணாடி விற்பார், வேறு மாதிரி விற்க அவருக்குத் தெரியாது.

அக்கா சட்டம் மாட்டுவாள், துடைப்பாள், கட்டிக் கொடுப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளரைக் கிண்டல் செய்தே இன்னொரு கண்ணாடியையும் தலையில் கட்டிவிடுவாள். மனசில் இருக்கும் பயத்தை மட்டும் வெளியே விடவே மாட்டாள். அது என்ன பயம் என்று பிறகு சொல்கிறேன்.

காலம் மாறியது. கடைவீதிக்கு வந்து பொருள் வாங்கியவர்கள் கட்டிலில் படுத்தபடியே வாங்க ஆரம்பித்தார்கள். எந்தக் கடைக்குத்தான் அந்த அடி விழவில்லை? என் பொத்தான் கடையில் விழவில்லையா? உங்கள் கடையில் விழவில்லையா? அத்தான் கடை காற்று வாங்கியது. வெயில் வந்தது, மேகம் வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த மாத முடிவில் கடைச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிடுவது. அத்தான் தூரத்து நகரத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கிடங்கில் வேலைக்குப் போவது. அக்கா இங்கேயே பிள்ளைகளோடு இருப்பது. எப்போதாவது விடுமுறை கிடைத்தால் அவர் வந்துபோவது. ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு ஊராகப் போவதென்று முடிவாயிற்று, அக்கா வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இணையத்துல ஒரு பக்கம் தொடங்கி போன்ல வித்துப் பாருங்க அத்தான், போறதுக்கு முன்னாடி ஒரு தடவ" என்று நச்சரித்தேன். சரி என்றார். தொடங்கினார். தொடங்கிய அன்றே ஒரு சங்கடம்.

கண்ணாடியைப் படம் எடுத்திருக்கிறீர்களா தாய்மார்களே? செருப்பைப் படம் எடுக்கலாம், செம்பைப் படம் எடுக்கலாம். கண்ணாடியைப் படம் எடுத்தால் எடுக்கிற ஆளும் உள்ளே விழுந்துவிடுவார். போட்டோ என்றாலே தண்ணீர் குடிக்கப் போகிறவர் என்ன செய்வார்? ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். போனுக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டார். எடுத்தார், பக்கத்தில் போட்டார். அழகான வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒற்றைக் கண்ணோடு நெடிய வெள்ளை உருவம். முதல் கேள்வி உடனே வந்தது. "கண்ணாடி நல்லாருக்கு. பேய் கூடவே வருமா, தனியா வாங்கணுமா?"

சிரியுங்கள், நானும் அன்றைக்குச் சிரித்தேன். அவர் விடவில்லை. பக்கவாட்டில் சாய்த்து எடுத்தார். கண்ணாடியில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. ஒருவர் மின்விசிறி என்ன விலை என்று கேட்டார். பிறகு எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளைத் துணி கட்டி, தான் ஓரமாகப் பதுங்கி எடுத்தார். இப்போது கண்ணாடி முழுக்க வெறும் வெள்ளை. "இது எழுதற பலகையா? பசங்களுக்கு வேணும்" என்று ஒரு அம்மா கேட்டார்.

ஆள் இல்லை, அசைவில்லை, அடையாளமில்லை. எழுத்தாவது இருந்ததா? "தரமான பொருள், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி." இதை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். இந்த வரியை இங்கே எத்தனை பேர் போட்டிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. பாத்திரக் கடைக்கும் இதே வரி, பல் மருத்துவருக்கும் இதே வரி. யாராவது கேள்வி கேட்டால் அத்தான் நீளமும் அகலமும் விலையும் அனுப்புவார், அதோடு பேச்சு முடிந்துவிடும். "யாரு பாக்கறதுக்கு?" என்று கடை வாசலில் ஒவ்வொருவரிடமும் கேட்ட மனிதர் போனில் ஒருவரிடம்கூட அதைக் கேட்கவில்லை. போனில் பேசினால் அப்படித்தான் பேச வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? கடையில் மனிதராக இருக்கிறோம், இணையத்தில் விலைப்பட்டியலாக மாறிவிடுகிறோம். கடையில் சிரிக்கிறோம், சண்டை போடுகிறோம், "இது உங்களுக்கு வேணாம்க்கா, அத எடுங்க" என்று உரிமையோடு சொல்கிறோம். பக்கம் தொடங்கியதும் போர்வையைப் போர்த்திக்கொள்கிறோம். ஏன் ஒளிகிறோம்? யாரிடமிருந்து ஒளிகிறோம்? முகமே காட்டாதவரிடம் யார் நம்பி வாங்குவார்கள்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், கதை இன்னும் நடுத்தெருவில்தான் நிற்கிறது.

ஒரு மதியம். வெயில் அந்தக் கடைக்குள் வழி தவறி அலைகிற நேரம். பெரிய முட்டை வடிவக் கண்ணாடி ஒன்றை அந்த வெளிச்சத்தில் வீடியோ எடுக்க ஆசைப்பட்டார் அத்தான். அடுக்கிவைத்த சட்டங்களுக்கு நடுவே போனைச் செருகி வைத்து, ஏதோ ஒன்றை அழுத்தினார். எடுக்கவில்லை போலிருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் அழுத்தியது லைவ், அதாவது நேரலை. போன் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியை, கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தது கடை முழுவதையும். ஒளிந்து ஒளிந்து திரிந்தவரை அவருடைய கண்ணாடியே பிடித்துக் கொடுத்துவிட்டது.

என் கடையில் போன் ஒலித்தது. "கண்ணாடிக் கடை நேரலையில் உள்ளது" என்றது. திறந்தேன். கனவில் வருவது போல இருந்தது. முட்டை வடிவ வெளிச்சத்துக்குள் சின்னதாக அத்தான். முட்டி போட்டு நடந்துகொண்டிருக்கிறார். மழலையர் பள்ளி ஒன்றின் ஆயா, குழந்தைகள் கைகழுவும் இடத்துக்குக் கண்ணாடி கேட்டிருந்தார். அதற்காகக் குழந்தை உயரத்தில் கடைக்குள் நடக்கிறார். அக்கா ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறாள்.

"அங்க போயும் இப்படித்தான் முட்டி போட்டு நடக்கப் போறீங்களா?"

"அங்க லாரியில ஏத்தறதோட சரி. யாரு பாக்கப் போறாங்கன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்போ கால்வலி மிச்சம்."

அத்தான் நடப்பதை நிறுத்தினார். முட்டி போட்டபடியே நின்றார்.

"மாசக் கடைசில சாவியக் குடுத்துடலாம்."

"குடுத்துடலாம்னு நானும்தான் சொல்லிட்டேன்ல. அதையே எத்தன வாட்டி சொல்லுவீங்க?"

"நீ ஒரு தடவ வேணாம்னு சொல்லுவியான்னு பாக்கறேன்."

அக்காவின் கை துடைப்பதை விடவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னா இருந்துடுவீங்களா?"

"இருந்துடுவேன்."

"சாப்பாட்டுக்கு?"

அந்த 'வேணாம்' அக்காவின் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது, நான் பார்ப்பது போல இன்னும் யார் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடையைப் பூட்டாமல் ஓடினேன். கையில் இருந்த பொத்தான் எல்லாம் தெருவில் சிந்தச் சிந்த ஓடினேன். போய்ப் போனை அணைத்த பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது.

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்றார். "எப்பவும் நிலைப்படிக்குப் பயந்து குனிஞ்சுதான நடக்கறீங்க" என்றாள் அக்கா. சொன்னாளே தவிர, அவள் முகமும் சுருங்கித்தான் போயிருந்தது.

லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், ஒரே நாளில் கடை புகழ் பெற்றிருக்கும் என்று முன்வரிசையில் ஒரு தம்பி ஆவலாக என்னைப் பார்க்கிறார். இல்லை தம்பி. பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் ஒரு பெண் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வீட்டுச் சண்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த உயரமான அண்ணன் எதுக்கு முட்டி போட்டு நடந்தாரு?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அத்தான் போனைத் தொட மறுத்துவிட்டார். அக்கா என் கையிலிருந்து வாங்கினாள். கடை வாசலில் பேசுகிற மாதிரியே பேசி அனுப்பினாள். "சின்னப் பசங்க பாக்கற கண்ணாடிங்க அது. நம்ம உயரத்துல மாட்டினா அதுங்களுக்கு உச்சி மயிருதான் தெரியும். அதான் அவரு அதுங்க மாதிரி ஆகிப் பாத்துட்டு மாட்டச் சொல்லுவாரு. நீங்க யாருக்குப் பாக்கறீங்க?"

நீளம் அகலம் விலை என்று மட்டுமே பதில் போன பக்கத்திலிருந்து முதன்முறையாக ஒரு கேள்வி போனது. பிறகு பதில் வந்தது.

"எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களுக்காகப் படுத்துப் பாப்பாரா?"

அக்கா அதை உரக்கப் படித்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்கன்னு கேளு" என்றார்.

அந்த வீட்டுக்கு நானும் போனேன், அளவுநாடா பிடிக்க ஆள் வேண்டும் என்று நானே என்னை அழைத்துக்கொண்டேன். ஒடுக்கமான அறை. ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் கதவு. கட்டிலைத் திருப்பிப் போட வழியில்லை. சன்னல் அந்த அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. வலதுபுறம் மட்டுமே அவரால் தலை திருப்ப முடியும். அந்தப் பக்கம் ஒரு சுவர், சுவரில் ஒரு ஈரக்கறை. தாய்மார்களே, எத்தனையோ நாளாக அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கறையை.

அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கட்டில் உயரத்துக்கு ஒரு பெஞ்சு கிடைத்தது. அதைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அதில் நீட்டிப் படுத்தார். கால் இரண்டும் வெளியே தொங்கின. தலையை வலதுபுறம் மட்டும் திருப்பி, அதற்குமேல் திருப்பாமல், அந்த அம்மா பார்க்கிற கறையைத் தானும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கேட்டார். "உங்களுக்கு என்னம்மா பாக்கணும்? முகமா?"

"இந்த முகத்தை எதுக்குப்பா பாக்கணும்?" என்றார் அந்த அம்மா. "தெருவப் பாக்கணும்."

அத்தான் படுத்தபடியே கையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் மேல. சாய்க்கணும். இன்னும். போதும்." அக்கா சுவரோரம் கண்ணாடியைப் பிடித்துச் சாய்த்தாள். சாய்க்கச் சாய்க்க அந்தச் சுவர் கரைந்தது. முதலில் ஒரு துண்டு வானம் வந்தது. அப்புறம் ஒரு கொடிக்கயிறு. அப்புறம் எதிர்வீட்டு மாடி. அப்புறம், மெதுவாக, மிதந்து வருவது போலத் தெரு வந்தது. குடை பிடித்துப் போகிறவர் வந்தார், பேருந்துக்கு ஓடுகிறவர் வந்தார், யாருடைய நாயோ வந்து நின்று நம்மைப் பார்த்தது. அந்த அறைக்குள் அத்தனை பேர் சத்தமில்லாமல் நடந்து போனார்கள். நாங்கள் மூச்சுவிடக்கூட மறந்து நின்றோம்.

அந்த அம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுவாரோ என்று பயந்தேன். அவர் சொன்னது இதுதான். "அந்த எதிர்வீட்டுக்காரி இன்னும் அந்தச் செவப்பு வாளியத்தான் வெச்சிருக்காளா?" மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அத்தான் பெஞ்சைவிட்டு எழுமுன் அந்த மகள் ஒரு படம் எடுத்தார். அதில் கண்ணாடி இருந்தது, கண்ணாடிக்குள் தெரு இருந்தது. ஓரத்தில், பெஞ்சில் கால் தொங்கப் படுத்திருக்கும் நெடிய மனிதர் இருந்தார். அவர் முகம் முழுதாக விழுந்த முதல் படம் அது. "இத இணையத்துல போடட்டுமாண்ணா?" என்று மகள் கேட்டார். அத்தான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அக்கா அதன்கீழ் இப்படி எழுதினாள். "உங்க வீட்டுக் கண்ணாடிய யாரு பாப்பாங்க? சொல்லுங்க. இவரு வந்து அவங்க மாதிரி நின்னோ உக்காந்தோ படுத்தோ பாத்துட்டு மாட்டித் தருவாரு."

வெள்ளமாகக் கொட்டவில்லை அன்பர்களே, வாயில் நுரை தள்ளப் பொய் சொல்ல எனக்கு வராது. சொட்டுச் சொட்டாக வந்தது. கழுத்தைத் திருப்ப முடியாத ஒரு தையல்காரர் கேட்டார், தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டே சமைக்கும் ஒரு அப்பா கேட்டார், தூங்கிவிட்டதா என்று முகம் பார்க்க வேண்டுமாம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கணக்கு டீச்சர் கேட்டார், பொட்டு நேராக வைக்க வேண்டுமாம். ஒவ்வொருவரும் முதலில் எழுதியது அளவை அல்ல, ஆளை.

இதில் உங்களுக்கும் எனக்கும் என்ன பாடம்? பெரிய வித்தை எதுவும் இல்லை. இணையத்தில் போடும் படத்துக்கு வெளிச்சம் வேண்டும், சரி. தெளிவு வேண்டும், சரி. கேட்டவருக்கு அன்றே பதில் போக வேண்டும், அதுவும் சரி. அதற்கெல்லாம் முன்னால், யார் வாங்கப் போகிறாரோ அவர் உயரத்துக்கு நாம் இறங்கியிருக்க வேண்டும். என் பொத்தானை யார் மாட்டப் போகிறார்? விரல் நடுங்கும் பெரியவர் என்றால் எனக்குப் பெரிய பொத்தான் வேண்டும். அதை நான் சட்டையில் தைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை நான்கு பேருக்குக் காட்ட வேண்டும். பூட்டு விற்கும் அண்ணா, இருட்டில் உங்கள் பூட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நாற்காலி செய்யும் தம்பி, இடுப்பு வலிக்காரர் மாதிரி அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? பார்த்தவர் பேசட்டும், பேசுவதைப் படம் பிடியுங்கள். பார்க்காதவர் எவ்வளவு பளபளப்பாக எழுதினாலும் அது அடுத்தவர் கடை வாக்கியம்.

எண்ணிக்கையை நம்பி ஏங்காதீர்கள். எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று போனைத் தடவிக்கொண்டே இருந்தால் விரல்தான் தேயும். ஒருவர் கேட்கிறாரா? அந்த ஒருவருக்குப் படுத்துப் பாருங்கள். யாரும் பார்க்காத மதியத்திலும் முட்டி போட்டவர் என் அத்தான். அதனால்தான், நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபோதும் மறைக்க வேண்டிய வேலை ஒன்றும் அவரிடம் இல்லை. அதைத்தான் நான் தொழில் மனப்பான்மை என்கிறேன்.

அதோ, முன்வரிசையில் அம்மா கையைக் காட்டுகிறார். என்னம்மா? அத்தான் போனாரா இல்லையா என்றா? அதைச் சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

மாத முடிவு வந்தது. கடை நிமிர்ந்துவிட்டதா என்றால் இல்லை. தலையைத் தூக்கியிருந்தது, அவ்வளவுதான். கிடங்குச் சம்பளம் நிச்சயம், கடை வருமானம் நிச்சயமில்லை. அத்தான் பெட்டி கட்டிவிட்டார். காலைப் பேருந்து. பெட்டியைக் கடைக்குள் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்தார். நானும் நின்றேன். வெயில் இன்னும் கடைக்குள் வரவில்லை. எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஒரு பெட்டி தெரிந்தது.

என் அக்காவின் பயத்தை இப்போது சொல்கிறேன். அவள் கேட்டு அவர் நின்றுவிட்டால், நின்றதால் குடும்பம் பசித்தால், அந்தப் பழி காலத்துக்கும் அவள் தலையில். அவர் ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டார். சொல்லிக்காட்டாமல் அவர் மெலிவதைப் பார்த்துக்கொண்டு அவள் இருக்க வேண்டும். அதற்குப் பயந்தே அத்தனை நாளும் அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த அரங்கில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன் அடித்தது. கிடங்கு மேலாளர். அத்தான் கையில் ஈரத்துணி, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். "இன்னிக்குக் கெளம்பறீங்கல்ல? உங்க பேரப் பதிஞ்சு வெச்சுடவா?" என்றது குரல். அக்காவைப் பார்த்தார். நேராகப் பார்க்கவில்லை, எதிர்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவளும் அதே கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

மேலாளரிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது, தெளிவாகக் கேட்டது. போன் அந்தப் பக்கம் "என்ன, என்ன?" என்றது. அத்தான் அதை மெதுவாக அணைத்தார்.

"சாப்பாட்டுக்கு?" என்று இந்த முறை அவர் கேட்டார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் என் அக்கா. அவள் அப்படிச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். "ரெண்டு பேருமா பயப்படலாம். இப்ப அந்தப் பெட்டிய உள்ள வைங்க, டீச்சர் வீட்டுக்கு அளவெடுக்கப் போகணும்."

இந்த மேடைக்கு அவர்கள் இருவரையும் அழைத்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்டு நான் பட்ட மகிழ்ச்சியை எந்த மாலை மரியாதையும் எனக்குத் தந்ததில்லை.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், அழைத்து மேடை தந்த சங்கத்தாருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து மற்ற இடத்தில் மூக்கை உறிஞ்சிய தாய்மார்களுக்கும், என் குரலைக் கடைசி நாற்காலிவரை கொண்டு சேர்த்த ஒலிபெருக்கித் தோழருக்கும், கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வீட்டுக்குப் போங்கள். உங்களோடு சேர்ந்து பயப்படுகிறவர் யாரோ, அவரிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுப் பேசுங்கள். பிறகு நாளைக் காலை கடையைத் திறங்கள். விடைபெறுகிறேன், வணக்கம்.